‘இது என்ன?’, ‘இதுக்குப் பேர் என்ன?’: நவுன் பாடம் சறுக்கும் இடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால், மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை பிள்ளைகள் இருக்கும் சென்னை வீடுகளில் ஆங்கிலப் பெயர்ச்சொல்லின், அதாவது நவுனின், ஐந்து வகைகளும் ஒரே பாட்டாகக் கேட்கும்: காமன் நவுன், ப்ராப்பர் நவுன், கலெக்டிவ் நவுன், மெட்டீரியல் நவுன், அப்ஸ்ட்ராக்ட் நவுன். ஐந்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற குழந்தையின் நோட்டைப் புரட்டினால் திங்கட்கிழமை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் தொடங்கியிருக்கும். ‘ஃபோர் கவ்’ என்று இருக்கும். ‘ஷீ இஸ் பியூட்டி’ என்று இருக்கும். மூன்றுமே நவுன் பாடத்தில் திருந்த வேண்டிய தப்புகள். ஆனால் வகைகளை ஒப்பிப்பதால் இவற்றில் ஒன்றுகூடத் திருந்துவதில்லை. ஏனென்றால் அந்த வகை எதற்கு என்று நாம் சொல்லிக்கொடுப்பதில்லை.

ப்ராப்பர் நவுன் என்று பிரிப்பது பெரிய எழுத்துப் போடத்தான். எண்ணக்கூடியது, எண்ண முடியாதது என்று பிரிப்பது ‘எ’, ‘ஆன்’ வருமா, கடைசியில் ‘எஸ்’ வருமா என்று தெரிந்துகொள்ளத்தான். அப்ஸ்ட்ராக்ட் நவுன் படிப்பது ‘ஹாப்பி’ வர வேண்டிய இடத்தில் ‘ஹாப்பினஸ்’ வராமல் இருக்க. எழுதும்போது கை என்ன செய்ய வேண்டும் என்பதோடு சேர்த்துச் சொல்லாத வகை, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும்.

முதலில் நவுன் என்றால் என்ன என்பதையே பார்ப்போம். ‘நேமிங் வேர்ட்’ என்ற விளக்கம் ஒன்று, இரண்டாம் வகுப்புக்குப் போதும். மூன்றாம் வகுப்பில் அது நிறத்தில் முட்டிக்கொள்ளும். ‘ரெட்’ என்பது நிறத்தோட பேர்தானே மிஸ் என்று குழந்தை கேட்டால், கேள்வி நியாயமானது. தமிழில் பெயர்ச்சொல்லுக்கு நம் இலக்கணம் தரும் அடையாளம் கறாரானது: காலம் காட்டாது, வேற்றுமை உருபை ஏற்கும். மரத்தை, மரத்தால், மரத்துக்கு என்று ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் ஒட்டிப் பார்க்க முடியாது, முன்னால் வைத்துப் பார்க்கலாம். ‘மை’ அல்லது ‘த’ போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ‘மை பேக்’ நிற்கும். ‘த ட்ரீ’ நிற்கும். ‘மை ரெட்’ என்றால் பின்னால் இன்னொரு சொல் வேண்டும் என்று காதே சொல்லிவிடும். பேர் வைத்த சொற்களுக்கு, அதாவது ப்ராப்பர் நவுன்களுக்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் இங்கேயே இருக்கிறது. தமிழில் ‘விளையாடு’ வினை, ‘விளையாட்டு’ பெயர். உருவமே வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ப்ளே’தான். ‘வி ப்ளே’ என்றால் வினை, ‘த ப்ளே வாஸ் குட்’ என்றால் பெயர். ‘வாட்டர்’கூட ‘வாட்டர் த பிளான்ட்’ என்னும்போது வினையாகிவிடுகிறது. ஆக, தமிழ்க் குழந்தை சொல்லின் உருவத்தைப் பார்த்து வகை பிரிக்கப் பழகியிருக்கிறது. ஆங்கிலத்தில் அது நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். இதை ஒரு பீரியட் ஒதுக்கிச் சொன்னால் போதும், பிறகு வரும் பாதிக் குழப்பம் வராது.

அடுத்து ப்ராப்பர் நவுன். கைடுகளில் ‘உலகத்தில் ஒன்றே ஒன்று இருப்பது’ என்று போட்டிருப்பார்கள். இது தப்பான விளக்கம், இரண்டு பக்கமும் உடையும். சூரியன் நமக்கு ஒன்றுதான். ஆனால் ‘த சன்’ என்று சாதாரண வாக்கியத்தில் சின்ன எழுத்தில்தான் எழுதுகிறோம். கவிதா என்ற பேரில் ஒரே வகுப்பில் மூன்று பேர் இருப்பார்கள், மூவரும் ப்ராப்பர் நவுன்தான். எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாரோ ஒருவர் பேர் வைத்தாரா என்பதுதான் கணக்கு.

இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு தமிழ்க் கேள்விகள் போதும். ‘இது என்ன?’ என்று கேட்டு வரும் பதில் காமன் நவுன். ‘இதுக்குப் பேர் என்ன?’ என்று கேட்டு வரும் பதில் ப்ராப்பர் நவுன். இது என்ன? ஆறு. பேர் என்ன? கூவம். இது என்ன? நாய். பேர்? டைகர். இந்த டைகரை விட்டுவிடாதீர்கள். புலி என்றால் சின்ன எழுத்து, தெரு நாயின் பேர் என்றால் பெரிய எழுத்து என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே கேட்ட குழந்தை மறக்காது. பொங்கலும் அப்படித்தான். பானையில் பொங்குவது சின்ன ‘பி’, தை மாதம் முதல் நாள் கொண்டாடுவது பெரிய ‘பி’. அன்பு என்று ஒரு பையன் வகுப்பில் இருந்தால் இன்னும் நல்லது.

நம்ம ஊர் மின்சார ரயிலே இதற்கு ஒரு பாடம். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகிற வண்டியில் முதல் மூன்று நிலையங்களின் ஆங்கிலப் பேர்கள் பீச், ஃபோர்ட், பார்க். மூன்றும் சாதாரணக் காமன் நவுன்கள். நிலையத்துக்குப் பேராக வைத்ததும் ப்ராப்பர் நவுன் ஆகிவிட்டன. பறக்கும் ரயிலில் போனால் லைட் ஹவுஸ். இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: ‘வி ப்ளேட் ஆன் த பீச்’, ‘த ட்ரெயின் ஸ்டார்ட்ஸ் ஃப்ரம் சென்னை பீச்’. முதலில் உள்ள பீச்சுக்குச் சின்ன ‘பி’, இரண்டாவதற்குப் பெரிய ‘பி’. ஏன் என்று பிள்ளைகளே சொல்லட்டும். மெரினா பீச், அண்ணா நகர் போன்றவற்றில் இரண்டாவது சொல்லும் பேரின் பகுதி, அதற்கும் பெரிய எழுத்து வேண்டும் என்பது இங்கேயே விளங்கிவிடும். ‘மெரினா’வுக்கு மட்டும் பெரிய எழுத்துப் போட்டு ‘பீச்’சைச் சின்னதாக விடுவது நான்காம் வகுப்பு விடைத்தாள்களில் மிகச் சாதாரணம்.

இரண்டு கேள்விச் சோதனை தடுமாறுகிற இடமும் ஒன்று உண்டு. கிழமை, மாதம், மொழி. திங்கட்கிழமை, ஜூன், தமிழ் ஆகியவற்றை யாரோ வைத்த பேராகக் குழந்தை நினைப்பதில்லை. இவற்றைத் தனியாக நடத்த வேண்டும். இது என்ன? மொழி. என்ன மொழி? தமிழ். இப்படிக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் சரியாக வரும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே கிடையாது என்பதை மறந்துவிடுகிறோம். நமக்கு அது சின்ன விஷயம். எட்டு வயதுப் பிள்ளைக்கு, எழுத்துக்கே இரண்டு உருவம் என்பது முற்றிலும் புதிய ஏற்பாடு.

கைப்பழக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஆகிய எழுத்துகளுக்குப் பெரியதும் சின்னதும் ஒரே உருவம், அளவுதான் வேறு. சென்னை தொடங்குவதே ‘சி’யில். கூவமும் ‘சி’. சைதாப்பேட்டை ‘எஸ்’, வேளச்சேரி ‘வி’, வண்ணாரப்பேட்டை ‘டபிள்யூ’. கோடு போடாத நோட்டில் குழந்தை பெரிய எழுத்துப் போட்டதா இல்லையா என்று திருத்துகிறவருக்கே தெரியாது. நாலு கோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரிய ‘சி’ மேல் கோட்டைத் தொட்டு மூன்றாம் கோட்டில் நிற்க வேண்டும். சின்ன ‘சி’ நடுவில் உள்ள இரண்டு கோட்டைத் தாண்டக் கூடாது. ஊர்ப்பேர்ப் பயிற்சியை மயிலாப்பூர், அடையாறு, எழும்பூர் என்று, இரண்டு உருவமும் நன்றாக வேறுபடும் எம், ஏ, இ எழுத்துகளில் தொடங்கிவிட்டு, பிறகு சென்னைக்கு வருவது நல்லது.

பெற்றோர் சிலர் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் படிக்கச் சொல்கிறார்கள். படிப்புக்கு நல்லதுதான், இந்தப் பாடத்துக்கு மட்டும் ஆகாது. பெரும்பாலான ஆங்கிலப் பலகைகளில் எல்லா எழுத்தும் பெரிய எழுத்து. அதைப் பார்த்துப் பழகிய குழந்தை ஊர்ப்பேர் முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதிவிடும். கதைப் புத்தகத்தின் உள்பக்கம்தான் சரியான மாதிரி.

பாடத்தைத் தலைகீழாகவும் நடத்தக் கூடாது. ‘பெரிய எழுத்து இருந்தால் ப்ராப்பர் நவுன்’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, வாக்கியத்தில் அடிக்கோடு போடச் சொன்னால், பிள்ளைகள் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லையும் அடிக்கோடிடுவார்கள். ‘ஐ’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே முதல் வாரப் பயிற்சியில் பேர்ச்சொல் வாக்கியத்தின் நடுவிலோ கடைசியிலோ வரும்படி எழுதிக் கொடுங்கள்.

தமிழ்ப் பாடத்தோடு ஒரு மோதல் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ப்ராப்பர் நவுனை ‘சிறப்புப் பெயர்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். நன்னூல் வழியில் ‘மரம்’ இடுகுறிப் பொதுப்பெயர், ‘மா’, ‘பலா’ இடுகுறிச் சிறப்புப்பெயர். ஆங்கிலத்திலோ ‘ட்ரீ’யும் காமன் நவுன், ‘மேங்கோ’வும் காமன் நவுன். சிறப்புப் பெயர் என்று கேட்டுப் பழகிய பிள்ளை, மேல் வகுப்பில் தமிழ் இலக்கணம் படித்ததும் மாம்பழத்துக்குப் பெரிய ‘எம்’ போடத் தொடங்கினால் அது அதன் குற்றமில்லை. ‘சூட்டிய பெயர்’ அல்லது ‘பேர் வைத்த சொல்’ என்று சொன்னால் இந்த மோதல் வராது.

அதேபோலப் பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில் என்ற ஆறு பெயர்களை ஆங்கிலத்தின் ஐந்தோடு கோடு போட்டு இணைக்கச் சொல்லும் ஒர்க்ஷீட்டுகளையும் பார்க்க முடிகிறது. அந்தக் கோடு நேராகப் போகாது. பள்ளி இடப்பெயர், சென்னையும் இடப்பெயர். ஆங்கிலத்தில் முன்னது காமன், பின்னது ப்ராப்பர். காலை, திங்கட்கிழமை இரண்டும் காலப்பெயர். அங்கேயும் அதே பிளவு. இரண்டு இலக்கணமும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

எண்ணுவதற்கு வருவோம். ‘ஃபோர் கவ்’ ஏன் வருகிறது? ‘நாலு மாடு’ தமிழில் முழுசாகச் சரி. அஃறிணையில் ‘கள்’ போட்டாலும் போடாவிட்டாலும் குற்றமில்லை. பத்து தேங்காய், ரெண்டு பஸ், அஞ்சு புக்கு. எண் சொன்ன பிறகு பன்மை எதற்கு என்பது தமிழின் வழி. எண் சொன்னாலும் ‘எஸ்’ வேண்டும் என்பது ஆங்கிலத்தின் வழி. இந்த ஒரு வேற்றுமையைத் தமிழிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், ஒன்–மெனி (ஒருமை–பன்மை) பயிற்சி பாதியாகக் குறையும்.

எண்ண முடியாதவற்றுக்குக் கடை விளையாட்டு நல்ல வழி. வகுப்பில் ஒரு மேசை, அதில் வாழைப்பழம், பிஸ்கட், வெங்காயம், ஒரு டம்ளர் அரிசி, கொஞ்சம் சர்க்கரை, ஒரு பாட்டில் தண்ணீர். கடைக்காரர் எண்ணித் தருவாரா, நிறுத்துத் தருவாரா, ஊற்றித் தருவாரா என்று கேட்கலாம். ஆனால் இதோடு நிறுத்தினால் வெங்காயத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றையும் நிறுத்துத்தான் தருகிறார்கள், ஆங்கிலத்தில் மூன்றும் எண்ணக்கூடியவை. ஆகவே இரண்டாவது கேள்வி வேண்டும்: ‘இதுல ஒண்ணு எடு’. வெங்காயத்தில் ஒன்று எடுக்கலாம். தண்ணீரில் ஒன்று எடு என்றால் குழந்தை திகைக்கும். ‘ஒரு டம்ளர்’, ‘ஒரு சொட்டு’ என்று அளவை தானே தேடும். அந்த நொடியில் ‘எ கிளாஸ் ஆஃப் வாட்டர்’, ‘எ டிராப் ஆஃப் வாட்டர்’ இரண்டையும் கொடுத்துவிடுங்கள். அரிசிக்கு ‘எ கிரெய்ன் ஆஃப் ரைஸ்’. கையில் இருக்கிற சாக்பீஸையும் காட்டலாம். ‘எ பீஸ் ஆஃப் சாக்’ என்பதில் உள்ள பீஸ் நம்ம சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘டூ சாக்ஸ்’ என்று கேட்கும் ஆசிரியரும் அதோடு திருந்துவார்.

பணத்தில் சண்டை வரும். நாள் முழுக்க எண்ணுவது பணம்தானே, அது எப்படி எண்ண முடியாதது? பதில்: எண்ணுவது ரூபாயை. ‘டென் ரூபீஸ்’ வரும், ‘டென் மணிஸ்’ வராது. ஃபர்னிச்சர், லக்கேஜ், ஹோம்வொர்க், இன்ஃபர்மேஷன் ஆகியவற்றுக்கு இப்படிக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆங்கிலம் அப்படி வைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி ஒரு சின்னப் பட்டியலாக வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிட வேண்டியதுதான். ஆனால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நாமே ‘டுடேஸ் ஹோம்வொர்க்ஸ்’ என்று அனுப்பினால் சுவரில் ஒட்டி என்ன பயன்?

மெட்டீரியல் நவுன் என்று தனியாக ஒரு வகை தொடக்கப் பள்ளிக்குத் தேவையே இல்லை என்பது என் எண்ணம். தங்கம், இரும்பு, பால் எல்லாம் எண்ண முடியாதவற்றில் அடங்கிவிடும். தனி வகையாக வைத்தால், ‘கிளாஸ்’ எந்த வகை என்று கேட்கும் ஒர்க்ஷீட் வரும். ஜன்னலில் உள்ள கண்ணாடி மெட்டீரியல். டீ குடிக்கும் கிளாஸ் காமன், அதை எண்ணலாம். ‘பேப்பர்’, ‘அயர்ன்’, ‘ஸ்டோன்’ எல்லாமே இப்படி இரண்டு பக்கமும் நிற்பவை. விடைக்குறிப்பில் ஒன்றுதான் இருக்கும், மற்றதை எழுதிய குழந்தைக்கு மார்க் போகும்.

கலெக்டிவ் நவுனில் நேரத்தை வீணாக்க வேண்டாம். சிங்கக் கூட்டத்துக்கு ‘ப்ரைட்’, ஆந்தைக் கூட்டத்துக்கு ‘பார்லிமென்ட்’ என்று ஐம்பது எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வது விடுகதை விளையாட்டு. கிளாஸ் (வகுப்பு), டீம், ஃபேமிலி, க்ரவுட், ஹெர்டு, ஃப்ளாக் (ஆட்டு மந்தை), பன்ச், பண்டில், பேக் (சீட்டுக்கட்டு), செட், பேர் (ஜோடி), ஆர்மி: இந்தப் பன்னிரண்டு போதும். தமிழில் ஆட்டு மந்தை, சாவிக் கொத்து, கீரைக் கட்டு என்று குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும். வாழைக்கு நாம் தார், சீப்பு என்று இரண்டு சொல் வைத்திருக்கிறோம், பேச்சு ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘பன்ச்’ ஒன்றே போதும். இங்கே வரும் தப்பு ஒன்றுதான்: ‘ஸ்டூடண்ட்ஸ்’ நிறையப் பேர், ஆகவே கலெக்டிவ் என்று எழுதுவது. ‘எஸ்’ போட்டுப் பலர் ஆனது பன்மை. ‘எஸ்’ இல்லாமலே பலரைக் குறிப்பது கலெக்டிவ். ‘ஒன் கிளாஸ், டூ கிளாஸஸ்’ என்று அதற்கே பன்மை வருவதைக் காட்டினால் முடிந்தது.

அப்ஸ்ட்ராக்ட் நவுன் ஐந்தாம் வகுப்புக்கு முன்னால் வேண்டாம். ‘கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது’ என்று சொன்னதும், காற்று, கரண்ட், பேய் மூன்றும் வரிசையில் வந்து நிற்கும். மூன்றுமே அப்ஸ்ட்ராக்ட் இல்லை. குணம், நிலை, செயல் என்று சொல்லுங்கள். இங்கேதான் தமிழ் கைகொடுக்கும். பொறுமை, நேர்மை, தூய்மை என்ற பண்புப்பெயர்களின் ‘மை’யும் கைண்ட்னஸ், டார்க்னஸ், ஸாட்னஸ் என்பவற்றின் ‘னஸ்’ஸும் ஒரே வேலை செய்கின்றன. காது அதைப் பிடித்துக்கொள்ளும். தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. ‘அவ அழகு’ என்று தமிழில் சொல்லலாம், பெயர்ச்சொல்லே பயனிலையாக நிற்கும். அதை அப்படியே எடுத்தால் ‘ஷீ இஸ் பியூட்டி’. ‘எனக்குப் பசி’ என்பது ‘ஐ ஆம் ஹங்கர்’ ஆகிறது. ஆகவே அப்ஸ்ட்ராக்ட் நவுனைத் தனிச் சொல்லாகக் கொடுக்காமல், பியூட்டிஃபுல்–பியூட்டி, ஹங்ரி–ஹங்கர், ஆனஸ்ட்–ஆனஸ்டி, பிரேவ்–பிரேவரி என்று ஜோடியாகவே கொடுத்து, இரண்டையும் இரண்டு வாக்கியத்தில் எழுத வையுங்கள். ஒரு பீரியடுக்கு நான்கு ஜோடி. ஐந்தாவது ஜோடி தலைக்கு மேல் போகும்.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்து நடத்துகிறோம். அந்தப் படி முறையை இந்தப் பாடத்துக்கும் கொண்டுவரலாம். முதல் இரண்டு வகுப்பில் நேமிங் வேர்டும் ஒன்–மெனியும். மூன்றில் காமன், ப்ராப்பர் மட்டும், கூடவே பெரிய எழுத்து. நான்கில் எண்ணக்கூடியதும் எண்ண முடியாததும், கலெக்டிவ் பன்னிரண்டும். ஐந்தில் அப்ஸ்ட்ராக்ட். ஐந்து வகையையும் ஒரே வாரத்தில் மூன்றாம் வகுப்புக்குக் கொட்டும் பழக்கம் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். கைடு அப்படி அச்சாகியிருப்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

கடைசியாக, வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு கோரிக்கை. ‘கோல்டு, கிளாஸ், ப்ளே, பீச்: எந்த வகை நவுன்?’ என்று சொல்லை மட்டும் கொடுத்துக் கேட்காதீர்கள். சொல்லை வாக்கியத்தில் வைத்துக் கொடுங்கள். அதைவிட நல்ல கேள்வி இப்படி இருக்கலாம்: முழுவதும் சின்ன எழுத்தில் ஐந்து வரி கொடுத்து, பெரிய எழுத்து வர வேண்டிய இடங்களை வட்டமிடச் சொல்லுங்கள். ஒரு வரியில் ‘பீச்’ இரண்டு தடவை வரட்டும், ஒன்று மணல், ஒன்று ஸ்டேஷன். ஐந்து மார்க் கொடுங்கள். வட்டத்துக்குப் பக்கத்தில் காரணத்தைத் தமிழில் எழுதினாலும் மார்க் உண்டு என்று வினாத்தாளிலேயே அச்சடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆங்கில ஆசிரியர்,
பெரம்பூர், சென்னை – 11